மலைப்பாதையில் ஒரு கை தூரம்

சைக்கிள் பந்தயத்தைப் படமெடுப்பவர்களில் இரண்டு வகை உண்டு. மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் உட்கார்ந்து வீரர்களோடு கூடவே போகிறவர்கள் ஒரு வகை. சாலையோரம் ஓர் இடத்தைத் தேர்ந்து நின்று, பந்தயம் வந்து சேரும்வரை காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகையைச் சேர்ந்தவன். டூர் டி பிரான்ஸ் நடக்கும் ஜூலை மாதத்தில் என் பிழைப்பு ஆல்ப்ஸ் மலையிலும் பிரனீஸ் மலையிலும்தான். எனக்குக் கூலி கிடைப்பது வீரர்களின் படங்களுக்கு. ஆனால் இத்தனை காலத்தில் நான் சேர்த்துவைத்திருக்கும் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவை, அவர்களைப் பார்க்க மலையேறி வந்தவர்களின் படங்கள்.

மலைக்கு மட்டும் ஏன் இத்தனை கூட்டம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் எளிமையானது. சமவெளியில் வீரர்கள் கூட்டமாக மணிக்கு 45, 50 கிலோமீட்டர் வேகத்தில் போவார்கள். ஓரத்தில் நிற்பவருக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். யார் எவர் என்று பிரித்தறிவதற்குள் போய்விடுவார்கள். மலை ஏறும்போது அதே வீரர்களின் வேகம் 20 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். கூட்டம் உடையும். ஒருவர், இருவர், ஐவர் என்று பிரிந்து வருவார்கள். ஜெர்சியின் ஜிப் தொப்புள் வரை திறந்திருக்கும். மூக்கிலிருந்து வியர்வை சொட்டுவது தெரியும். மூச்சு இழுக்கும் சத்தம்கூடக் காதில் விழும். இதற்கெல்லாம் நுழைவுச்சீட்டு கிடையாது. உலகின் மிகப் பெரிய விளையாட்டு வீரர்களில் ஒருவர், அவர் வாழ்நாளின் மிகக் கடினமான மணி நேரத்தில், உங்களிடமிருந்து ஒரு கை தூரத்தில் கடந்து போகிறார். வேறு எந்த விளையாட்டு இப்படி ஓர் இடத்தை ரசிகருக்குத் தருகிறது?

1903இல் தொடங்கிய பந்தயம் 1910இல்தான் பிரனீஸின் பெரிய கணவாய்களுக்குள் நுழைந்தது. 2,115 மீட்டர் உயரத்தில் இருக்கும் டூர்மலே கணவாயை அந்த ஆண்டு முதலில் கடந்தவர் ஓக்தாவ் லபீஸ். மண்ணும் கல்லும் நிறைந்த பாதையில் தங்களை ஏற்றிவிட்ட அமைப்பாளர்களைப் பார்த்து அவர் கொலைகாரர்கள் என்று கத்தியது இன்றும் பேசப்படுகிறது. அந்த ஆண்டுப் பந்தயத்தையும் அவரே வென்றார். மறு ஆண்டு ஆல்ப்ஸில் கலிபியே கணவாய் சேர்ந்தது. அன்றிலிருந்து மலைதான் இந்தப் பந்தயத்தின் நடுவர். யாருக்கு எவ்வளவு வலு என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடும்.

ரசிகர்களைப் பார்க்க வேண்டுமானால் போக வேண்டிய மலை அல்ப் டுவேஸ். 13.8 கிலோமீட்டர் ஏற்றம், சராசரியாக எட்டு சதவீதச் சரிவு, 21 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளுக்கு எண் உண்டு. அடிவாரத்தில் 21இல் தொடங்கி மேலே போகப்போகக் குறைந்துகொண்டே வரும். இன்னும் எத்தனை மிச்சம் என்று வீரருக்கும் தெரியும், நடந்து ஏறும் ரசிகருக்கும் தெரியும். 1952இல் டூர் முதன்முதலாக இங்கே வந்தபோது வென்றவர் இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி. அவர் பெயரும் பிறகு வென்றவர்களின் பெயர்களும் வளைவுகளில் பலகையாக நிற்கின்றன. 1976இல் பந்தயம் மறுபடி வந்தபோது நெதர்லாந்தின் யோப் சூட்டமெல்க் வென்றார். அதிலிருந்து 1989க்குள் நெதர்லாந்துக்காரர்கள் எட்டு முறை வென்றுவிட்டார்கள். மலையே இல்லாத நாட்டின் மக்கள் இந்த மலையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டது அப்படித்தான். ஏழாம் எண் வளைவு இன்றும் அவர்களுடையது. பந்தய நாளில் அது முழுக்க ஆரஞ்சு நிறமாக இருக்கும்.

அங்கே வேலை செய்வது சுலபமல்ல. பெரிய ஏற்றங்களில் சாலையை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். வண்டியை விட்டு, லென்ஸ் பையையும் தண்ணீரையும் மழை உறையையும் சுமந்து நடக்க வேண்டும். வெயிலில் புறப்பட்டு ஆலங்கட்டி மழையில் முடியும் நாட்கள் உண்டு. ஓரிடத்தில் நின்றுவிட்டால் அவ்வளவுதான். பந்தயம் கடந்த பிறகு அதை முந்திப் போக வழியே இல்லை. அதனால் இடம் தேர்வதுதான் எங்கள் தொழிலில் பாதி. வளைவு முடிந்து பாதை நேராகும் இடத்தை நான் விரும்புவேன். வேகத்தை மீட்க வீரர்கள் இருக்கையை விட்டு எழுந்து மிதிக்கும் இடம் அது. முகம் நிமிர்ந்திருக்கும். பின்னால் அடுக்கடுக்காக ஆட்கள் நிற்பார்கள்.

மலைமேல் முதலில் வந்து சேர்பவர்கள் கேம்பர் வேன்காரர்கள். பல நாட்களுக்கு முன்பே வந்து, சரிவில் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து, மடக்கு மேசை போட்டுவிடுவார்கள். ஓய்வுபெற்ற தம்பதிகள் அதிகம். ஒவ்வொரு ஜூலையும் அதே பழக்கம், சிலருக்கு அதே வளைவு. முந்தைய இரவு இளைஞர்கள் பெயின்ட் வாளியும் உருளைத் தூரிகையுமாக இறங்குவார்கள். தார்ச்சாலை முழுக்கத் தங்கள் வீரரின் பெயரை ஆள் உயரத்துக்கு எழுதுவார்கள். அவற்றில் ஆபாசமாக இருப்பதை மறைத்து வேறு படமாக மாற்றிவிடுவதற்கு அமைப்பாளர்கள் ஆட்களை அனுப்புகிறார்கள். ஜெர்மானிய ரசிகரான டிடி ஸென்ஃப்ட் 1993இல் சிவப்புப் பிசாசு வேடமிட்டு, கையில் சூலத்தோடு துள்ளத் தொடங்கினார். அவர் நிற்கும் இடத்துக்குச் சற்று முன்பாகவே சாலையில் ஒரு சூலம் வரைந்திருக்கும். அதைக் கண்டால் நாங்கள் கேமராவைத் தயாராக வைத்துக்கொள்வோம். பிரனீஸ் பக்கம் போனால் பாஸ்க் மக்களின் கொடிகள். கொலம்பிய வீரர்கள் போட்டியில் இருந்தால் மஞ்சள், நீலம், சிவப்பு. ஒரு மலையில் ஒரு நாளைக்கு ஐரோப்பா முழுவதும் குடியேறிவிடும்.

வீரர்கள் வருவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னால் விளம்பர வண்டிகளின் ஊர்வலம் வரும். 1930இல் தொடங்கிய வழக்கம் இது. தொப்பி, மிட்டாய், சாவிக்கொத்து, சின்னப் பொட்டலத்தில் பன்றி இறைச்சித் துண்டு என்று வீசிக்கொண்டே போவார்கள். அதுவரை நாற்காலியை விட்டு எழாத தாத்தாக்கள்கூட ஒரு துணித்தொப்பிக்காக ஓடி வருவார்கள். பிடித்ததைப் பேரப்பிள்ளையின் தலையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருவார்கள். பெற்றோர் தோள்மேல் குழந்தைகள் ஏறுவதும், சிறந்த மலையேற்ற வீரருக்குரிய புள்ளி போட்ட சட்டைகள் ஒரே நேரத்தில் விரிக்கப்படுவதும் அப்போதுதான். ஒளியும் நன்றாக இருந்தால் நல்ல படங்கள் அந்த ஊர்வலம் போன பிறகுள்ள ஓய்ந்த நேரத்தில் கிடைக்கும். மனிதர்கள் தங்களை மறந்து பேசிக்கொண்டிருப்பார்கள்.

அப்புறம் பள்ளத்தாக்கில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்கும். எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பும். போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், பந்தய இயக்குநரின் சிவப்புக் கார், ஹாரன்கள். கீழ் வளைவில் எழும் கூச்சல் அடுத்த வளைவுக்குத் தாவி, அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவி, மலையேறி வரும். நம் ஊரில் தேர் தெருமுனை திரும்பும்போது, தேர் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஜனங்கள் வழிவிட்டுக் கைகூப்பி நிற்பார்களே, கிட்டத்தட்ட அதே தவிப்பு. வீட்டில் தொலைக்காட்சி முன் இருப்பவருக்கு யார் முன்னால் போகிறார் என்பது நொடிக்கு நொடி தெரியும். மலைமேல் நிற்பவருக்கு அது தெரியாது. பல்லாயிரம் பேர் ஒரே இடத்தில் நிற்பதால் செல்போன் இணைப்பு திணறும். ஆகவே முதல் வீரர் வளைவில் திரும்பும் கணத்தில்தான் அவர்களுக்குச் செய்தி கிடைக்கிறது. அந்தச் செய்தி ஒவ்வொரு முகத்திலும் வேறு வேறாக விழுவதை நான் கண்டிருக்கிறேன். தன் வீரர் முன்னால் வருகிறார் என்றால் கத்தக்கூடத் தோன்றாமல் வாய் பிளந்து நிற்பவர் உண்டு. தன் வீரர் அந்த முதல் குழுவில் இல்லை என்றால் கை தட்டிக்கொண்டே கீழ் வளைவைப் பார்க்கும் கண்கள் உண்டு. நான் தேடி எடுப்பது அந்தக் கண்களைத்தான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர் முதல் மலையிலேயே ஒரு பாடம் சொன்னார்.

“வலது கண் வியூஃபைண்டரில் இருக்கட்டும். இடது கண்ணை மூடாதே. லென்ஸ் உன்கிட்டே பொய் சொல்லும். கண் சொல்லாது.”

“எந்த லென்ஸ் பொய் சொல்லும்?” என்று கேட்டேன்.

“எல்லாம்தான். அகலமானது தூரத்தைக் கூட்டிச் சொல்லும். நீளமானது குறைத்துச் சொல்லும். ஆளைக் காயப்படுத்துவது அகலமானது.”

இந்த ஒரு பாடத்தில் மலைக்கட்டத்தின் பாதி விபத்துகளுக்கு விளக்கம் இருக்கிறது. அகலக் கோண லென்ஸ் வழியே பார்த்தால், பத்து மீட்டரில் இருக்கும் வீரர் முப்பது மீட்டரில் இருப்பதுபோலச் சின்னதாகத் தெரிவார். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஐந்தரை மீட்டர். பத்து மீட்டரைக் கடக்க இரண்டு நொடிகூட ஆகாது. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே சக்கரம் காலில் ஏறிவிடும். கைபேசியில் இருக்கும் வழக்கமான கேமராவும் அகலக் கோணம்தான். கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு கையும் இன்று அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

1999இல் அல்ப் டுவேஸின் கடைசிக் கிலோமீட்டரில் இத்தாலியின் ஜுசெப்பே குவெரினி தனியாக முன்னால் வந்துகொண்டிருந்தார். சாலை நடுவே கேமராவோடு ஒரு ரசிகர் நின்றார். கடைசிக் கணத்தில் இருவரும் ஒரே பக்கம் விலகினார்கள். குவெரினி விழுந்தார். எழுந்து, அந்தக் கட்டத்தை வென்றும்விட்டார். 2018இல் அதே மலையில் வின்சென்சோ நிபாலிக்கு அந்த நல்லூழ் இல்லை. வண்ணப் புகை, போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், குறுகிய வழி. ஒரு ரசிகரின் கேமரா வார் மாட்டியதால் விழுந்ததாகச் சொல்லப்பட்டது. எழுந்து உச்சிவரை ஓட்டி முடித்த பிறகுதான் முதுகெலும்பில் முறிவு என்று தெரிந்தது. மறுநாள் அவர் பந்தயத்தில் இல்லை.

2016 ஜூலை 14ஆம் தேதி மோன் வான்ட்டூ மலையில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. உச்சியில் கடுங்காற்று என்பதால் முடிவிடத்தை ஆறு கிலோமீட்டர் கீழே ஷாலே ரெனாருக்கு மாற்றினார்கள். மேலே பரவி நிற்க வேண்டிய கூட்டமும் கீழே வந்து சேர்ந்தது. பாதை அடைபட்டு ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ரிச்சி போர்ட் அதன்மேல் மோத, பின்னால் வந்த வீரர் மொல்லமாவும், மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவருக்குரிய மஞ்சள் ஜெர்சியை அணிந்திருந்த கிறிஸ் ஃப்ரூமும் விழுந்தார்கள். சைக்கிள் உடைந்ததும் ஃப்ரூம் சைக்கிள் காலணியோடு மலையில் ஓட ஆரம்பித்தார். உலகம் அந்தப் படத்தை வேடிக்கையாகப் பார்த்தது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. வீரர் போவதற்கு ஒரு சைக்கிள் அகலம்கூட மிச்சமில்லை என்பதற்கு அது சாட்சி. நடுவர்கள் நேரத்தைச் சரிசெய்து மஞ்சள் ஜெர்சியை அவரிடமே கொடுத்தார்கள்.

இவை தெரியாமல் நேர்ந்தவை. தெரிந்தே செய்தவையும் உண்டு. 1950இல் ஆஸ்பான் கணவாயில் ஜினோ பார்த்தலியை ரசிகர்கள் மிரட்டித் தள்ளினார்கள். அவர் அன்றைய கட்டத்தை வென்ற பிறகும் இத்தாலிய அணிகள் பந்தயத்தை விட்டு வெளியேறின. அப்போது மஞ்சள் ஜெர்சி இத்தாலியரான ஃபியோரென்சோ மாக்னியிடம் இருந்தது. 1975இல் புய் த டோம் மலையில், உச்சி நெருங்கும் நேரத்தில், எடி மெர்க்ஸின் விலாப்பக்கம் ஒரு பார்வையாளர் குத்தினார். ஐந்து முறை டூரை வென்றவர் அவர். இரண்டு நாள் கழித்து மஞ்சள் ஜெர்சியை பெர்னார் தெவெனேயிடம் இழந்தார். மறுபடி அவர் டூரை வெல்லவே இல்லை. 2015இல் தன்மேல் சிறுநீர் ஊற்றப்பட்டதாக ஃப்ரூம் சொன்னார். ஊக்கமருந்து விவகாரங்கள் இந்த விளையாட்டின்மேல் விட்டுச்சென்ற சந்தேகம் எனக்குப் புரிகிறது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்கள் 2012இல் பறிக்கப்பட்டபோது, அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் ஏமாற்றப்பட்டார்கள். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் மலைமேல் நிற்கும் ஒருவர் நீதிபதி ஆக முடியாது. முழு மூச்சையும் மிதியில் வைத்திருக்கும் மனிதனால் ஓர் அடியைத் தடுக்கவும் முடியாது. அவன் தற்காப்பு முழுவதும் நம்முடைய அடக்கத்தில்தான் இருக்கிறது.

அந்த அடக்கமும் அன்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2023 ஜூலை 22ஆம் தேதி வோஜ் மலைத்தொடரில் பார்த்தேன். திபோ பினோ அந்தப் பகுதிக்காரர். 2019இல் டூர்மலே உச்சியில் வென்று, பிரான்ஸ் முழுவதும் அவரை நம்பத் தொடங்கிய வேளையில், சில நாட்களிலேயே தொடைக் காயத்தோடு அழுதுகொண்டே பந்தயத்தை விட்டு இறங்கியவர். 2023 தன் கடைசி ஆண்டு என்று அறிவித்துவிட்டார். பெத்தி பாலோன் ஏற்றத்தில் ஒரு வளைவுக்கு ரசிகர்கள் அவர் பெயரையே வைத்து, காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த வளைவுக்குள் தனியாக, எல்லோருக்கும் முன்னால் வந்தார். புகை, கொடி, முரசு, கண்ணீர் எல்லாம் இருந்தன. அத்தனை நெரிசலிலும் அவர் போவதற்கு வழி இருந்தது. தங்களுக்குள் கைகோத்து ஒருவரையொருவர் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டவர்களை நான் படமெடுத்தேன். பிற்பாடு முன்னணி வீரரான பொகாச்சரும் மற்றவர்களும் அவரைப் பிடித்துவிட்டார்கள். பொகாச்சர் கட்டத்தை வென்றார். ஆனால் அன்றைய நாள் பினோவுடையது என்பதில் அந்த மலையில் இருந்த எவருக்கும் ஐயமில்லை. தோற்றவரைக் கொண்டாடத் தெரிந்த கூட்டம் அது. அதைவிடப் பெரிய ரசனை விளையாட்டில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு காட்சியைத் தொலைக்காட்சி அதிகம் காட்டுவதில்லை. முன்னணி வீரர்கள் போன பிறகு வெகு நேரம் கழித்து ஒரு பெரிய குழு வரும். சமவெளியில் புயலாகப் பாயும் கனத்த உடல்காரர்கள் அதில் இருப்பார்கள். மலை அவர்களுக்கு உகந்ததல்ல. முதலாமவர் முடித்த நேரத்தை வைத்துக் கணக்கிடும் கெடுவுக்குள் உச்சியை அடையாவிட்டால் பந்தயத்திலிருந்து நீக்கப்படுவார்கள். அதனால் ஒன்றுசேர்ந்து கணக்குப்போட்டு ஏறுவார்கள். அவர்களுக்கும் பின்னால், தனித்து விடப்பட்ட யாராவது ஒருவர் வருவார். அவர் பின்னால் விலகுபவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி. முதல் வீரருக்குக் கத்தியதைவிட அதிகமாக அவருக்காகக் கத்தும் ரசிகர்களை நான் எல்லா மலையிலும் கண்டிருக்கிறேன். பலரும் அதற்குள் மேசையை மடித்துக் கிளம்பியிருப்பார்கள். நின்றிருப்பவர்கள்தான் இந்த விளையாட்டை முழுதாக அறிந்தவர்கள். அந்தக் காலத்தில் உச்சியில் நின்ற ரசிகர்கள் செய்தித்தாளை நீட்டுவார்களாம். குளிரில் இறங்குமுன் வீரர்கள் அதை ஜெர்சிக்குள் நெஞ்சில் செருகிக்கொள்வார்கள். காற்றுத் தடுப்புக்கு அதுவே போதும். ரசிகரின் கை வீரருக்கு எதற்காக நீள வேண்டும் என்பதற்கு அதுதான் சரியான உதாரணம்.

2024 ஆகஸ்டில் பெண்களுக்கான டூர் அல்ப் டுவேஸில் முடிந்தது. டெமி ஃபோலரிங் கட்டத்தை வென்றார். போலந்தின் கட்டார்சினா நியெவியாடோமா வெறும் நான்கு நொடியில் பந்தயத்தையே வென்றார். பல நாள் பந்தயம் நான்கு நொடியில் முடிவானால், கடைசி வளைவில் குறுக்கே நீளும் ஒரு கை, ஒரு கொடி, ஒரு கைபேசி முடிவையே மாற்றிவிட முடியும். வழிவிட்டு நின்ற ஒவ்வொருவருக்கும் அந்த முடிவில் பங்கு உண்டு.

கடைசிச் சில கிலோமீட்டர்களுக்குத் தடுப்பு போடுகிறார்கள். 2023இல் புய் த டோமின் இறுதி நான்கு கிலோமீட்டரில் பார்வையாளர்களை அனுமதிக்கவே இல்லை. குறுகிய பாதையும் பாதுகாக்கப்பட்ட நிலமும் அதற்குக் காரணம். அங்கே எடுக்கப்பட்ட படங்களில் மலை அழகாக இருக்கிறது, பந்தயம் ஆளற்றுக் கிடக்கிறது. எல்லா மலைகளும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று நான் மனதார விரும்புகிறேன். வேலி தேவைப்படாத அளவுக்கு ரசிகர்கள் தாங்களே வேலியாக நிற்பது ஒன்றுதான் அதற்கு வழி.

என்றாவது ஒரு நாள் நீங்களும் ஏதோ ஒரு மலைக்கட்டத்தைப் பார்க்கப் போகலாம். போனால் இவற்றைச் செய்யுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீரும் கம்பளிச் சட்டையும் சேர்ந்தே எடுத்துப் போங்கள். கொடியைச் சாலைக்கு எதிர்ப்புறம் பிடியுங்கள். பையின் வாரையும் கேமராவின் வாரையும் கழுத்தோடு ஒட்டிச் சுருக்கிக்கொள்ளுங்கள். வீரருக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுக்காதீர்கள், அவரோடு ஓடாதீர்கள், அவராகக் கேட்காமல் தொடாதீர்கள். ஒரு படம் எடுத்தாயிற்று என்றால் கைபேசியைப் பையில் போட்டுவிட்டு வெறும் கண்ணால் பாருங்கள். கை தட்டுங்கள், பெயர் சொல்லிக் கத்துங்கள். எதிரணி வீரருக்கும் தட்டுங்கள். கடைசி ஆள் கடந்து, அவருக்குப் பின்னால் வரும் வண்டியும் கடந்த பிறகு மட்டும் அங்கிருந்து கிளம்புங்கள்.